நின்றுபோன மோட்டார் சைக்கிள்: வீட்டிலேயே பழகக்கூடிய திருத்த வேலைகள்

இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் ஒரு குடும்பஸ்தர் சில காலத்திற்கு முன் எமது பணியகத்திற்கு வந்திருந்தார். கையில் அடகுக்கடைத் துண்டு. மனைவியின் தோட்டை அடகு வைத்து விட்டு வருவதாகச் சொன்னார். காரணம் அவருடைய பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டால் இரண்டு கட்டை தூரம் நன்றாக ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் தெருவோரம் நின்றால் மீண்டும் ஓடும். சந்தைக்குப் போய்ச் சேரும்போது நல்ல விலை போயிருக்கும். கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், "எஞ்சின் முடிந்துவிட்டது, முழுவதும் கழற்றி போர் அடிக்க வேண்டும்" என்று பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள்.

அன்று எமது முற்றத்தில் நின்ற இளைஞர் ஒருவர், அந்த மோட்டார் சைக்கிளை இரண்டு கட்டை ஓட்டிச் சென்று, அது நின்ற இடத்திலேயே இருக்கையைத் தூக்கி, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. உடனே எஞ்சின் ஓடியது. மூடியிலுள்ள ஊசித்துளை அளவான காற்றுவழி சேற்றினால் அடைபட்டிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. செலவு ஒரு சதமும் இல்லை. மறுநாளே தோடு மீட்கப்பட்டது.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் எவ்வளவு திருத்த அறிவைக் கொண்டிருக்க வேண்டும், எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாமும் பழகியவர்களே

குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். பிளக் எது, கொயில் எது என்று யாரும் கற்பிக்கவில்லை. பணிக்கு வந்த முதல் மழைக்காலத்தில், குளக்கட்டு வீதியில் மோட்டார் சைக்கிள் நின்றுபோக, மூன்று கட்டை தூரம் அதனைத் தள்ளிச் சென்றோம். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, உட்புறத்தைச் சாரத்தால் துடைத்து மாட்டித் தந்தான். வாகனம் ஓடிற்று. வெட்கமும் நன்றியும் ஒருங்கே எழுந்த அந்நாளிலேயே பழகத் தொடங்கினோம்.

பழகும்போது தவறும் செய்தோம். ஒரு நாள் அவசரத்தில், பிளக்கைக் கையால் திருகிப் பார்க்காமல் சாவியைப் போட்டு நேரே இறுக்கினோம். எஞ்சின் தலை அலுமினியம். பிளக்கின் புரி இரும்பு. கோணலாக ஏறிய இரும்பு, அலுமினியப் புரியைத் தின்றுவிட்டது. புரி புதிதாகப் போட்டு எடுக்கும்வரை பதினைந்து நாட்கள் நடந்தே திரிந்தோம். அந்தப் பாடத்தை வாசகர்கள் எமது செலவிலேயே கற்றுக்கொள்ளலாம்: எந்தத் திருகாணியையும் முதலில் விரலால் சுற்றுங்கள், விரலுக்கு இலகுவாக ஏறிய பின்னரே சாவியை எடுங்கள்.

இந்த அறிவு எமது மக்களுக்குப் புதிதல்ல

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அதன் தீமையையும் கண்டார்கள். புகை கக்கிற்று, பிளக்கில் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. அடிக்கடி பிளக் துடைப்பதும் ஒயில் மாற்றுவதும் அன்று ஒவ்வொரு வீட்டிலும் நடந்த வேலைகள். 1995 இடப்பெயர்வின்போது அப்படி ஓடிய வாகனங்களில் மூட்டைகளையும் முதியவர்களையும் ஏற்றி வந்தவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீண்டும் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. உள்ளதைப் பேணுவதே வழியாயிற்று. 2022 இல் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்திற்கு 4 லீற்றர்தான். காற்றுவடி அடைபட்டு வீணாகப் பெற்றோல் குடிக்கும் எஞ்சின் அன்று எவ்வளவு பெரிய நட்டம் என்பதைப் பலர் உணர்ந்தார்கள்.

தொடங்குமுன்

தேவையான கருவிகள் அதிகமில்லை. 10, 12, 14, 17 ஆகிய அளவுச் சாவிகள், பிளக் சாவி, தட்டையான ஸ்குறூ டிறைவர் ஒன்று, நட்சத்திர வாயுள்ளது ஒன்று, குறடு, கம்பித் தூரிகை, பழைய பற்தூரிகை, அரத்தாள், துணி. இடைவெளி அளக்கும் தகட்டுக்கட்டு ஒன்று இருந்தால் மிக நன்று.

ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து, கழற்றும் பொருள்களைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். பூட்டும்போது வலமிருந்து இடமாக வாருங்கள். சிறிய ஆணிகளைச் சிரட்டையில் போடுங்கள். செய்ததைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு விதிகள் நான்கு. ஒன்று, பெற்றோல் தொடர்பான வேலையை வெளியே, பகலில் செய்ய வேண்டும். குப்பி விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. கொட்டிலில் வாழும் குடும்பங்கள் இதனை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஓலையும் தறப்பாளும் நொடியில் பற்றும். இரண்டு, எஞ்சினை அடைத்த அறைக்குள் ஓடவிடக்கூடாது. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, அது ஆளைக் கொல்லும். மூன்று, சூடான எஞ்சினைக் கழற்றக்கூடாது. நான்கு, குளிர்பானப் போத்தலில் பெற்றோல் வைக்கக்கூடாது, பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

அடுப்பு மூட்டத் தெரிந்தவருக்கு எஞ்சினும் விளங்கும். அடுப்புக்கு விறகு வேண்டும், காற்று வேண்டும், நெருப்பு வேண்டும். எஞ்சினுக்குப் பெற்றோல் விறகு; காற்றுவடியினூடாக வருவது காற்று; பிளக்கின் பொறியே நெருப்பு. நான்காவதாக ஒன்றும் வேண்டும்: அமுக்கம். கலவையை இறுக அமுக்கிப் பொறி வைத்தால்தான் அது பலத்துடன் எரிந்து பிஸ்ரனைத் தள்ளும்.

எம்.டி. 90 போன்ற நான்கடிப்பு எஞ்சினில் இது நான்கு அசைவுகளில் நடைபெறுகிறது. பிஸ்ரன் இழுபடும்போது பெற்றோலும் காற்றும் உள்ளே வருகின்றன. திரும்பி வரும்போது அவை அமுக்கப்படுகின்றன. பொறி விழ, கலவை எரிந்து பிஸ்ரனைத் தள்ளுகிறது. மீண்டும் திரும்பும்போது புகை வெளியேறுகிறது. பெற்றோல், பொறி, காற்று, அமுக்கம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் ஓடாது. ஆகவே இந்த நான்கையும் ஒழுங்காகப் பார்த்து வருவதே திருத்த வேலையின் பாதி.

முதலாவது: பெற்றோல்

தாங்கியில் பெற்றோல் உண்டா? திறப்பு திறந்திருக்கிறதா? மூடியின் காற்றுத்துளை தெளிவாக உள்ளதா? இவற்றைப் பார்த்தபின், காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பேணியில் பிடியுங்கள். பெற்றோல் தடையின்றி ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், திறப்பின் வடியில் துரு அடைத்திருக்கிறது.

பெற்றோல் வருகிறது, ஆனால் எஞ்சின் தொடங்கவில்லை என்றால் காபரேற்றரின் கீழுள்ள சிறிய ஆணியைத் தளர்த்தி, கிண்ணத்திலுள்ளதை வடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துமுத்தாக நிற்கும். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் புளித்த மணம் வீசும். காய்ந்து பிசினாகி நுண்துளையை அடைத்துவிடும். அந்தத் துளை உள்ள பித்தளை ஆணியைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்துப் பம்பினால் காற்றடியுங்கள். அடைப்பு நீங்காவிட்டால் தூண்டில் நைலோன் நூலால் குத்தலாம். இரும்புக் கம்பியால் ஒருபோதும் குத்த வேண்டாம். துளை பெருத்தால் அந்த எஞ்சின் என்றும் அதிகம் குடிக்கும்.

இரண்டாவது: பொறி

பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மீண்டும் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி எஞ்சினின் உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் இருந்த துளைக்குச் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும். துளையிலிருந்து பெற்றோல் ஆவி வரும். உலர்ந்த துணியால் தொப்பியைப் பிடித்து, நிழலில், கிக்கரை உதையுங்கள். நீல நிறமான தெளிந்த பொறி விழ வேண்டும். மங்கிய மஞ்சட் பொறி அல்லது பொறியே இல்லை என்றால் தொப்பியைத் திருகிப் பாருங்கள், வயர் உரசி அறுந்துள்ளதா என்று பாருங்கள், வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகும் இல்லையென்றால் பழைய வகை எஞ்சின்களில் பொயின்ற் கரி பிடித்திருக்கலாம். புதியவற்றில் மின்பெட்டியோ கொயிலோ பழுதாகியிருக்கலாம். அவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிளக்கின் நுனி எஞ்சினின் நிலையைச் சொல்லும். வெளிர் மண்ணிறம் என்றால் நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் மிகுதி அல்லது காற்றுவடி அடைப்பு. பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி இல்லை, அல்லது சோக்கைப் போட்டபடியே பலமுறை உதைத்திருக்கிறீர்கள். ஒயில் பிசுபிசுத்தால் றிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது.

கரியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை வைத்து, விரலால் சுற்றிப் பூட்டுங்கள். எமது நட்டத்தை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது: காற்று

செம்மண் ஒழுங்கையில் ஓடும் வாகனத்தின் காற்றுவடி விரைவில் அடைபடும். பஞ்சு போன்ற வகையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து பூட்டலாம். கடதாசி வகையைக் கழுவக்கூடாது. மெதுவாகத் தட்டி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்கலாம். கிழிந்தால் மாற்ற வேண்டும். காற்றுவடி இல்லாமல் ஓடினால் இழுவை கூடும் என்று சிலர் அதனைக் கழற்றி எறிகிறார்கள். உள்ளே போகும் மணல் பிஸ்ரனையும் சிலிண்டரையும் அராவிவிடும்.

நான்காவது: அமுக்கம்

பிளக்கைக் கழற்றி, சுவிற்சை நிறுத்தி, துளையைப் பெருவிரலால் இறுக மூடிக்கொண்டு கிக்கரை உதையுங்கள். விரலைப் பலமாகத் தள்ளிக் காற்று வெளியேறினால் நல்லது. தள்ளாவிட்டால் வால்வோ றிங்கோ பழுது. இது கராஜ் வேலை. ஆயினும் இந்தச் சோதனையைத் தாமே செய்து பார்த்த பின் கராஜுக்குப் போகும் விவசாயியிடம் வேண்டாத வேலைக்குப் பணம் கேட்பது எளிதல்ல.

இந்த நான்கையும் பார்க்கும்போது ஒரு விதியைக் கைக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது பிழை என்று என்றும் தெரியாது.

நீண்டகாலம் நின்ற வாகனம்

இடம்பெயர்ந்த காலத்தில் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்காக நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்தவுடன் உதைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயிலைத் துளைக்குள் விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால் பலவந்தம் செய்யாது இன்னும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். அசைந்தால், பழைய எஞ்சின் ஒயிலை வடித்துப் புதியது விடுங்கள். தாங்கியில் துரு இருந்தால் அதனைக் கழற்றி, சிறிது மண்ணெண்ணெயும் ஒரு பிடி பழைய நட்டுகளும் போட்டுக் குலுக்கி, பலமுறை அலசுங்கள். ரயரின் பக்கங்கள் வெடித்திருந்தால் மேலே பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

அத்துடன் பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி என்பவற்றையும் சரிபாருங்கள். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், பிரதி பெறும் வழியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே வாகனத்தில் பணம் செலவழியுங்கள்.

வாரந்தோறும் பார்க்க வேண்டியவை

ஒயிலின் மட்டத்தை வாகனத்தை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். எம்.டி. 90 போன்றவற்றில் கிளச்சும் எஞ்சின் ஒயிலிலேயே தோய்ந்து நிற்கிறது. எனவே மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே விட வேண்டும். கார்களுக்கென்று வரும் சில ஒயில்கள் கிளச்சை வழுக்கச் செய்யும்.

செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அசைய வேண்டும். மூட்டை ஏற்றுவோர் ஆள் ஏறியிருக்கும்போதும் பார்க்க வேண்டும். பாரத்தில் சில செயின்கள் இறுகிவிடும். இறுக்கும்போது இரு பக்கத்து அடையாளக் கோடுகளும் சமமாக இருக்கட்டும். இல்லையேல் சில்லு கோணலாக ஓடும்.

பிறேக் எல்லாவற்றிலும் முக்கியம். ஓடாத மோட்டார் சைக்கிளால் ஒரு நாள் சந்தை போகும். நிற்காத மோட்டார் சைக்கிளால் உயிர் போகும். பிறேக் பிடியும் மிதியும் 2 முதல் 3 சென்ரிமீற்றருக்குள் பிடிக்கத் தொடங்க வேண்டும். சில்லைக் கழற்றினால் உள்ளேயுள்ள தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம், பழைய பிறேக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். அதன்மேல் ஒயிலோ கிறீசோ படவிடாதீர்கள். பூட்டிய பின் முற்றத்திலேயே பலமுறை பிடித்துப் பார்த்து, பின்னரே தெருவில் ஏறுங்கள்.

வடித்த ஒயிலைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே இறங்கும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டபோது மக்கள் பட்ட துன்பத்தை மறக்கலாகாது. மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குவோரிடம் கொடுங்கள்.

தொடக்கூடாதவை

எஞ்சினைப் பிளப்பது, கியர்ப்பெட்டி, வால்வு அரைப்பது, சில்லுக் கம்பி இழுத்து நேராக்குவது, பெற்றோல் தாங்கியை ஒட்டுவது ஆகியவற்றைப் பழகுநர் தொடவேண்டாம். வெறுந்தாங்கியிலும் ஆவி நிற்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். தெரியாததைத் திறவாதிருப்பதும் தொழில் அறிவின் ஒரு பகுதியே. நேர்மையாகத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகவும் கேளுங்கள்.

சேர்ந்து பழகுவோம்

ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு கருவிப்பெட்டி வாங்கிவிடலாம். ஒருவர் பொறுப்பாக வைத்திருக்க, எடுத்தவர் கொப்பியில் எழுதி, துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மாலையில் ஒரு முற்றத்தில் கூடி, ஒரு வாகனத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெண்களையும் அழையுங்கள். 2009 இன் பின்னர் எத்தனையோ வீடுகளில் தாயே குடும்பத் தலைவி. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவரும் அவரே. எமது வகுப்புக்கு வந்த ஒரு தாய், முதல் நாள் பிளக் சாவியைத் தொடவே தயங்கினார். இன்று அயலில் யாருடைய வாகனம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இங்கே கூறிய நான்கும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் பொருந்தும். ஒன்றைப் பழகினால் தோட்டத்தில் நிற்கும் மற்றதும் கைக்கு வரும்.

காணியை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம். கையில் பழகிய தொழிலை மாத்திரம் எந்த இடப்பெயர்விலும் விட்டுவர வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு, பிளக் ஒன்றைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதிலிருந்து தொடங்குங்கள், முதலில் விரலால்.